நடராசாவுக்குக் கிடைத்த மாப்பிள்ளை

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். வெங்கட் முதல் தடவை வந்தபோது மாம்பழம் கொண்டுவந்தானா, கேக் கொண்டுவந்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முகக்கவசத்தைக் கழற்றிய வருடமா, அதற்கு அடுத்த வருடமா என்பதும் குழப்பம்தான். பேசியவர்களின் வார்த்தைகளில் பாதியை நானே பிறகு ஒட்டவைத்திருக்கலாம். அதிகம் பேசாதவனுக்கு இது ஒரு வியாதி. மற்றவர்கள் பேசியதைத் தனியாக இருக்கும்போது எடுத்து எடுத்துப் பார்க்கிறான். கடைசியில் அதன் விளிம்பெல்லாம் தேய்ந்துவிடுகிறது. ஆனால் மயூராவுக்கு என்ன வேண்டும் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. அவளே என்னிடம் சொன்னாள்.

"எனக்கு ஒரு கதவு வேணும் அண்ணா. உள்ள போய் பூட்டிக்கற மாதிரி. அப்பா அந்தப் பக்கம் இருக்கணும். ரொம்ப தூரத்துல இருக்கணும்."

அப்போது நான் வீராசாமி ரோட்டில், அவளுடைய அப்பா நடராசா அங்கிளின் வீவக வீட்டில், அதாவது அரசு வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். வேலை ஜாலான் புசாரில், குழாயும் ஆணியும் விற்கிற கடையில் கணக்கு எழுதுவது. நடந்தே போய்விடலாம். மாலையில் திரும்பினால் அறையில் புத்தகம், சன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கில் காயும் துணிகள். வரவேற்பறையில் நடப்பதெல்லாம் காதில் விழும்.

நடராசா அங்கிள் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தாராம். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த சொத்து ஆங்கிலம் ஒன்றுதான். அதை அவர், பரம்பரை நகையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பதுபோல், தினமும் எடுத்துப் பார்ப்பார். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா. மின்தூக்கியில் ஒட்டுகிற அறிவிப்புகளை ஏழாவது மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் திருத்திவிடுவார். அவருக்குத் திருத்துவதற்கு வாகாக இருக்கட்டும் என்று யாரோ ஒருமுறை அறிவிப்பைக் கொஞ்சம் கீழே இறக்கி ஒட்டினார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மயூரா பத்து வயதில் கோபத்தில் 'அப்பா ஐ ஹேட் யூ' என்று எழுதி அவர் அறைக் கதவில் ஒட்டினாளாம். அவர் 'அப்பா'வுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டுத் திரும்பவும் ஒட்டினாராம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அதற்கு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கண் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் முன்பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கட் அங்கே கண்ணாடிக்குப் பவர் பார்க்க வந்தவன். கரூர்க்காரன், நிரந்தரவாசி, உட்லண்ட்ஸில் ஒரு அறையில் தங்கியிருந்தான். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அதாவது, அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். இதை அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் யாரும் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா' என்று கேட்பதில்லை. 'வீட்டுக்கு அப்ளை பண்ணலாமா' என்று கேட்கிறார்கள்; ஜோடியாகக் கேட்டால்தான் அரசு வீடு சுலபமாகக் கிடைக்கும். அவர்களும் அப்படித்தான். உட்லண்ட்ஸில் கட்டப்போகும் ஒரு புளோக்குக்கு விண்ணப்பித்தார்கள், வீட்டைத் தேர்ந்தெடுக்க வரிசை எண்ணும் கிடைத்துவிட்டது. நல்ல எண். அதற்குப் பிறகுதான் பெற்றோர் என்று சிலர் இருப்பது இருவருக்கும் நினைவு வந்தது.

மயூரா வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வரச்சொல்லி நடராசா அங்கிள் வெங்கட்டுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினார். ஆறு மணிக்கு முன்னால் வர முடியாது என்று அவனும் ஆங்கிலத்தில் பதில் போட்டான். அந்த 'கேன்நாட்' என்ற சொல்லை அவன் இரண்டாகப் பிரித்து அடித்திருந்தான்.

அங்கிள் கைப்பேசியோடு என் அறை வாசலுக்கு வந்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. 'கேன்' இந்தப் பக்கம் நிக்குது. 'நாட்' அந்தப் பக்கம் நிக்குது. நடுவுல ஒரு லாரி போகலாம்."

"அவசரத்துல அடிச்சிருப்பாரு அங்கிள்."

"அவசரத்துல எழுத்து விட்டுப் போகும், ஒத்துக்கறேன். இடம் எப்படிக் கூடும்? விரலைக் கொண்டுபோய் வேணும்னே தட்டியிருக்கான்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி வள்ளிநாயகி ஆன்ட்டியின் குரல் வந்தது. "பையன் குடிப்பானான்னு கேட்டீங்களா? அவங்க அம்மா எப்படின்னு கேட்டீங்களா?"

"இது தெரிஞ்சா அதெல்லாம் தெரிஞ்ச மாதிரிதான்."

சனிக்கிழமை மயூரா கீழே பேருந்து நிறுத்தம்வரை போய் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தாள். "சாரி அங்கிள்னு சொல்லிடு. ரெண்டு நிமிஷம். அவர் ஜெயிச்சுட்டா விட்டுடுவாரு." இதை மின்தூக்கியில் சொன்னாள். கடையிலிருந்து வந்துகொண்டிருந்த நானும் அதே மின்தூக்கியில் இருந்தேன். வெங்கட் தலையாட்டினான். ஆனால் அந்தத் தலையாட்டலில் சம்மதம் இல்லை. யோசனைதான் இருந்தது.

அங்கிள் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில், சாட்சிப் பொருளை வைப்பதுபோல் வைத்தார். வடையும் அதன் பக்கத்தில் இருந்தது.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"பார்த்துட்டுத்தான் வந்தேன் அங்கிள்," என்றான் வெங்கட். "ரெண்டா எழுதறதும் தப்பில்லயாம். ரொம்ப பேர் எழுதறதில்ல. ஆனா தப்பில்ல."

மேசைக்கு அடியில் மயூரா அவன் காலை மிதித்திருக்க வேண்டும். நாற்காலி ஒரு முறை நகர்ந்தது.

"யார் சொன்னது?"

"அகராதி."

"எந்த அகராதி? அட்டை என்ன கலர்?"

"ஆன்லைன் அங்கிள்."

"அப்ப அட்டையே இல்ல."

"அட்டை இல்லாட்டி என்ன அங்கிள்? நான் ஒண்ணு கேக்கறேன். 'வில் நாட்' ரெண்டு சொல். 'டூ நாட்' ரெண்டு. 'மே நாட்' ரெண்டு. 'கேன்' மட்டும் ஏன் 'நாட்'டைப் போய் கட்டிப் பிடிச்சுக்கணும்? ஒரே மாதிரி கேஸுன்னா ஒரே மாதிரி ரிசல்ட் வரணும்ல? எங்க ஆபீஸ்ல இதைக் கோளாறுன்னு எழுதிடுவோம்."

"இங்கிலீஷ்லயே கோளாறா?"

"ஆமா."

தண்ணீர் எடுக்க வந்தவன் நான் அப்படியே நின்றுவிட்டேன். அங்கிளின் முகத்தில் கோபம் வருமென்று எல்லோரும் எதிர்பார்த்தோம். வந்ததும் கோபம்தான். ஆனால் அது பாதி வழியில் வேறொன்றாக மாறியது. அந்த வீட்டில் அவருக்கு யாரும் எதிர்வாதம் செய்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆன்ட்டி கல்யாணமான புதிதிலேயே காதை மூடிக்கொண்டுவிட்டார். மயூரா பள்ளியில் படிக்கும்போதே மூடிக்கொண்டாள். நானோ வாயைத் திறப்பதில்லை. இப்போது ஒருவன் அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து, அவருடைய வடையைத் தின்றுகொண்டே, அவருடைய தாத்தாவின் மொழியில் கோளாறு இருக்கிறது என்கிறான். அங்கிள் தன் கையாலேயே அவனுக்கு இன்னொரு வடை எடுத்து வைத்தார்.

அன்றைக்குப் பெண்ணைப் பற்றிய பேச்சே வரவில்லை. கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறு வாங்க, மீதியை முடிச்சிடலாம்" என்றார் அங்கிள். மயூரா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

"பாஸாயிட்டான் அண்ணா," என்று என் கதவைத் தட்டிச் சொன்னாள். அப்படி ஒரு மகிழ்ச்சியை அவள் முகத்தில் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். 'நாட்' தனக்குப் பின்னால் வரும் 'ஒன்லி'யோடு சேர்ந்துகொள்கிற வாக்கியங்களில் 'கேன்' தனியாகத்தான் நிற்க வேண்டும் என்று நிறுவினான்: பாட மட்டுமல்ல ஆடவும் தெரியும் என்பது போன்ற வாக்கியங்கள். அங்கிள் கண்ணை மூடி யோசித்து, எழுந்து நின்று, கைகுலுக்கினார். பதிலுக்கு அவரும் தன் கொள்கை ஒன்றைச் சொன்னார். வெள்ளைக்காரன் இந்தப் பக்கத்து நாடுகளையெல்லாம் ஆண்டபோது ஒரு நாளைக்கு எத்தனையோ மனுக்களை மறுக்க வேண்டியிருந்தது, பேனாவைத் தூக்கி வைக்க நேரமில்லாமல் இரண்டையும் சேர்த்தே எழுதிவிட்டான், அதுவே நிலைத்துவிட்டது. ஆதாரம் என்ன என்று வெங்கட் கேட்டான். ஆதாரம் கேட்பதற்கென்றே ஒருவன் பிறந்து வந்திருக்கிறான் என்று அங்கிள் பூரித்துப்போனார்.

"தமிழ்ல 'முடியாது'ன்னா முடியாது. அதுக்குள்ள எங்க போய் இடம் விடுவீங்க?" என்றார் ஆன்ட்டி, துணி மடித்துக்கொண்டே.

"வள்ளி, இது வேற டிபார்ட்மென்ட்."

"அந்த டிபார்ட்மென்ட்ல கல்யாணப் பேச்சு எப்ப வரும்?"

"வரும், வரும்."

ஒரு நாள் வந்தது. கேலாங் சிவன் கோயிலுக்கு நாள் பார்க்கப் போனோம். என்னையும் கூட்டிப் போனார்கள்; நான் இருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். குருக்கள் பஞ்சாங்கத்தை விரித்தபோது பார்த்தால் அங்கிளும் வெங்கட்டும் இல்லை. வழியில் ஒரு கோப்பிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பின் முன்னால் நின்றுவிட்டார்கள். வெளியிலிருந்து வாங்கிவந்த சாப்பாட்டை அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாது என்கிற அறிவிப்பு. கடைக்காரர் அந்தச் சொல்லை மேலே ஒரு முறை சேர்த்தும், கீழே ஒரு முறை பிரித்தும் எழுதியிருந்தாராம். அப்படிப்பட்ட ஒன்று அவர்கள் வாழ்க்கையில் இனிக் கிடைக்காது.

குருக்கள் சுற்றிலும் பார்த்தார். மயூரா இருந்தாள், ஆன்ட்டி இருந்தார், நான் இருந்தேன். என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை என்ன நட்சத்திரம்?" என்றார்.

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"மாப்பிள்ளை இவர் இல்லைங்க," என்றார் ஆன்ட்டி. "அவர் வெளிய நோட்டீஸ் படிக்கிறார்."

மயூரா சிரித்தாள். அது அந்த விஷயத்தில் அவளுடைய கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் என் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, ஒரு ஆள் தான் கட்டிக்கப்போற பொண்ணுக்கு அனுப்பற மெசேஜை விட அவ அப்பாவுக்கு அதிகமா அனுப்பினா, அதுக்குப் பேர் என்ன?"

பெட்டியின் அந்தக் கோடியில் இருவரும் அவசரகாலப் பொத்தானுக்குமேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும் நாள் குறித்து வீவகவிலிருந்து தகவல் வந்தது. தோ பாயோவில் இருக்கும் அதன் அலுவலகத்துக்கு மயூராவும் வெங்கட்டும் சேர்ந்து போக வேண்டும். மயூரா தினமும் கைப்பேசியில் அந்த உட்லண்ட்ஸ் புளோக்கைப் பார்ப்பாள். இந்தியர்களுக்கான ஒதுக்கீட்டில் இன்னும் எத்தனை வீடுகள் மிச்சம் என்று அதில் தெரியும். மேல் மாடிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "பரவால்ல, கீழ் மாடியா இருந்தாலும் பரவால்ல" என்று சொல்லிக்கொள்வாள். கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னிடம்கூடக் கேட்டாள். நான் பச்சை என்றேன். அந்த வாரம் முழுவதும் நான் பேசியதே அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இதற்குள் அங்கிளும் வெங்கட்டும் 'ரவுண்ட்ஸ்' போக ஆரம்பித்திருந்தார்கள். சிராங்கூன் ரோடு, ஜாலான் புசார், சந்துகள், கடை வாசல்கள். எங்கெல்லாம் 'முடியாது' என்று எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் நின்று படம் எடுப்பார்கள். சேர்த்து எழுதியவை இவ்வளவு, பிரித்து எழுதியவை இவ்வளவு என்று ஓர் ஆய்வு செய்யப்போவதாகப் பேச்சு. ஆய்வு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவரும் திகைத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிறு மயூராவும் அவர்களோடு போனாள். வெங்கட்டைத் தனியாகப் பிடித்துத் தேர்வு நாளைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தாள். புத்தகக்கடைக்குக் கிளம்பிய நானும் அவர்கள் பின்னால் நடந்தேன். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று தெரியும்: தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்த நம் ஊர்ப் பையன்கள் கிடைத்த இடத்திலெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுவதும், போனில் ஊருக்குப் பேசுவதுமாக இருப்பார்கள். மூடியிருந்த ஒரு கடையின் படிகளில் இருவர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். அவர்கள் தலைக்குமேல், கடைக்காரர் கையால் எழுதிய அட்டை ஒன்று கம்பியில் கட்டித் தொங்கியது. படியில் உட்கார முடியாது என்று ஆங்கிலத்தில். பிரித்து எழுதியது.

அங்கிள் கையைத் தூக்கி அட்டையைக் காட்டினார். வெங்கட் கைப்பேசியைத் தூக்கிக் குறி பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றான்.

சிவப்புப் பேனா வைத்த ஒரு பெரியவர், படம் எடுக்கிற ஒரு ஆள், தலைக்குமேல் ஓர் அட்டை. படியில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொட்டலத்தைச் சுருட்டி எழுந்துவிட்டார்கள்.

"சாரி சார். தெரியாம உக்காந்துட்டோம்."

"இன்னும் கொஞ்சம். ஆங், அங்கயே," என்றான் வெங்கட், திரையைப் பார்த்தபடி.

மயூரா ஓடிப்போய், "உக்காருங்கண்ணே. இவங்க ஆபீசர் இல்ல. உக்காந்து சாப்பிடுங்க" என்றாள்.

"இல்லக்கா, சாப்ட்டாச்சு," என்றார் அதில் ஒருவர். பொட்டலத்திலிருந்து எண்ணெய் அவர் மணிக்கட்டில் வழிந்தது. இருவரும் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள்.

"பாரு, கடைக்காரன் சைனீஸா இருப்பான். பிரிச்சு எழுதறவங்க பெரும்பாலும்..." என்று அங்கிள் தொடங்கினார்.

"இல்ல அங்கிள், போன வாரம் பார்த்த அந்த டெய்லர் தமிழ் ஆளு. அவரும் பிரிச்சுத்தான்..."

அவர்கள் நடந்துகொண்டே போனார்கள். மயூரா அந்தப் படியிலேயே நின்றாள். வெகுநேரம் நின்றாள். நானும் கொஞ்சம் தள்ளி நின்றேன். தேர்வு நாளைப் பற்றி அன்று அவள் வெங்கட்டிடம் பேசினாளா என்று எனக்குத் தெரியாது. பேசியிருக்க மாட்டாள்.

அடுத்த வாரம் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்தோம். ஆன்ட்டி என்னையும் சாப்பிடச் சொல்லியிருந்தார். வெங்கட் வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றை மேசையில் விரித்தான். அதில் ஏற்கெனவே சிவப்புத் திருத்தங்கள் இருந்தன. அங்கிள் முன்பே பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

"மகள், உட்காருங்க. ஒரு நல்ல சேதி," என்றார் அங்கிள். அவர் மகளை அன்பாகக் கூப்பிடும்போது அவருடைய அம்மாவின் பேச்சு வந்துவிடும். "உட்லண்ட்ஸ் வேணாம். ஈசூன்ல மூணு தலைமுறை வீடு வருது. நாலு ரூம். கல்யாணம் பண்றவங்களும் பெத்தவங்களும் சேர்ந்து எடுக்கலாம். நாங்க இதை வித்துட்டு உங்களோட வந்துடறோம்."

மயூரா வெங்கட்டைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா இது?"

"நான்தான் கண்டுபிடிச்சேன்," என்றான். பெருமையோடுதான் சொன்னான்.

"நம்ம நம்பர்?"

"அதை விட்டுடலாம் மயூ. மறுபடியும் அப்ளை பண்ணா கிடைக்காமலா போயிடும்? லாஜிக்கா யோசி. ஒவ்வொரு ஞாயிறும் உட்லண்ட்ஸ்லேர்ந்து இங்க வர்ற அலைச்சல் மிச்சம்."

"ஒவ்வொரு ஞாயிறும் இங்க வரப்போறோம்னு யார் சொன்னா?"

இரு ஆண்களும் உண்மையாகவே திகைத்தார்கள். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யார் சொன்னது என்று அவள் கேட்டதுபோல்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றார் ஆன்ட்டி.

"உன்னை எதுக்கு வள்ளி கேக்கணும்? நீயும்தானே வர்ற."

மயூரா தட்டிலிருந்து கையை எடுத்தாள். "வெங்கட், எனக்கு என்ன வேணும்னு உங்கிட்ட முதல்லயே சொன்னேன். என்ன சொன்னேன், சொல்லு."

"வீடு."

"வீடு என்கிட்ட இப்பவே இருக்கு. அதுல எங்கப்பாவும் இருக்காரு. நான் என்ன கேட்டேன்?"

அவன் அங்கிளைப் பார்த்தான். பரீட்சையில் பக்கத்து மேசைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அங்கிளுக்கும் தெரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கோங்க லா," என்றாள் மயூரா. குரல் உயரவேயில்லை. "எலிஜிபிலிட்டி இருக்கான்னு மட்டும் செக் பண்ணிக்கோங்க."

வெங்கட்டின் கண் ஒரு கணம் கைப்பேசிப் பக்கம் போனது. விதிமுறையைப் பார்க்கத்தான் நினைத்திருப்பான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அவள் எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. கால்வாசி திறந்தே விட்டிருந்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கட்டிலின் நுனியில் அவள் முழங்கால் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். யார் பார்த்தாலும் தெரிந்திருக்கும். அவன் எழுந்து நாலு அடி வைத்து, 'உன்னைக் கேக்காம செஞ்சது தப்பு' என்று சொன்னால் போதும்; அந்த வார இறுதிக்குள் அவர்கள் தோ பாயோவில் மாடி எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் மௌனங்களை விரும்புகிறவன். ஆனால் அந்த மௌனம் யாரோ கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. பார்க்கிறவனுக்கே கை வலித்தது.

வெங்கட் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எழப்போகிறான் என்று நினைத்தேன். ஆன்ட்டியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவனுக்கு வழிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டார்.

"கோபம்," என்றார் அங்கிள். "அடங்கிடும். அவங்க அம்மாவுக்கும் இப்படித்தான் வரும்." பிறகு விளம்பரத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பின்பக்கம், மூணாவது வரியைப் பார்த்தியா? முன்பக்கம் சேர்த்து எழுதியிருக்கான். பின்பக்கம் பிரிச்சிருக்கான்."

"எங்க?" என்று வெங்கட் குனிந்தான்.

உள்ளே முழங்கால் நகர்ந்தது. கதவு மெதுவாக, சத்தமில்லாமல் மூடியது.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வீவகவுக்குப் போன் செய்து, தங்களால் தேர்வுக்கு வர இயலாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். அங்கிள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் திருத்தவில்லை. வெங்கட் அதற்குப் பிறகு அவளுக்கு நீளமான செய்திகள் அனுப்பினான். அவன் பக்கத்து நியாயங்களை எண் போட்டு எழுதியிருந்தான் என்று அவள் சொன்னாள். அவள் பதில் போடவில்லை.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்த ஊரில் ஒற்றை அறையில் வருடக்கணக்காகத் தனியாக இருந்தவன், தன்னோடு ஒரு மனிதர் உட்கார்ந்து சரிக்குச் சரியாகப் பேசியதும் கால் தரையில் பாவாமல் போவது எனக்குப் புரியாத விஷயமும் இல்லை. ஒருமுறை என்னிடமே சொன்னான்: "எங்கப்பா என்கிட்ட பேசறதே, 'பணம் வந்துச்சு' மட்டும்தான்." அவனுக்கு வேண்டியது அவனுக்குக் கிடைத்துவிட்டது. பெண் கேட்கப் போன இடத்தில் கிடைத்தது என்பதுதான் சங்கடம்.

மயூரா இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், ஜோகூர் பாருவில் தனியாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். விடியுமுன் எழுந்து, பாலத்தில் வரிசையில் நின்று, உட்லண்ட்ஸ் வழியாகக் கிளினிக்குக்கு வருகிறாள். களைப்பாகத்தான் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. வள்ளிநாயகி ஆன்ட்டி வெள்ளிக்கிழமை அங்கே போனால் திங்கட்கிழமைதான் திரும்புகிறார். நடராசா அங்கிளை அங்கே யாரும் இன்னும் கூப்பிடவில்லை. அவர் வீராசாமி ரோட்டிலேயே இருக்கிறார். வெங்கட் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான். அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆய்வு முடியவில்லை. நான் கடைக்குப் பக்கத்தில் வேறு அறைக்கு மாறிவிட்டேன். உட்லண்ட்ஸ் புளோக்கைக் கட்டி முடித்து, சாவியெல்லாம் கொடுத்துவிட்டார்கள்.